மூன்றாவது நர்ஸம்மா

என் சித்தி மகள் சென்னைக்குப் பஸ் ஏறும்போதெல்லாம் ஒரு நீல ஃபைலை மடியில் வைத்துக்கொள்வாள். துணிப்பையை மேலே போட்டுவிடுவாள். ஃபைலை மட்டும் யாரிடமும் கொடுக்கமாட்டாள். எலவனாசூர்கோட்டையில் ஏறி, உளுந்தூர்பேட்டை தாண்டி, நான்குவழிச் சாலையில் வண்டி வேகமெடுத்ததும் தூங்கிவிடுவாள். அப்போதும் கை அதன் மேலேயே கிடக்கும். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டுகள், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருட மார்க் ஷீட்டுகள், பட்டச் சான்று, தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு, அனுபவச் சான்று, பாஸ்போர்ட் என்று எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஜெராக்ஸ்.

அந்த ஃபைலை அவள் அப்படிப் பிடித்துக்கொள்ளக் காரணம் உண்டு. படித்து முடித்ததும் முதலில் சேர்ந்த தனியார் மருத்துவமனையில் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இரண்டு வருஷ பாண்டு. நடுவில் போனால் பணம் கட்டிவிட்டுத்தான் சான்றிதழை வாங்க முடியும். அவள் இரண்டு வருஷத்தையும் முழுசாக முடித்துக்கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தாள். இப்போது கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கு ஆங்கிலத் தேர்வு எழுதிவிட்டு நேர்காணலுக்குக் காத்திருக்கிறாள்.

போன பொங்கலுக்கு வந்தபோது கேட்டாள்: “அண்ணா, நான் போனா தப்பா?”

“தப்பு என்னம்மா, போ” என்று அப்போதைக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பின் தேடிப் படித்ததும் யோசித்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அவள் வேலை பார்க்கும் இடத்தின் கணக்கைச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு பகலாகப் பிரசவம் பார்க்க முடிந்ததற்குப் பின்னால் ஓர் எளிய ஏற்பாடு இருக்கிறது: நிலையத்துக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இந்த முறை மாநிலம் முழுவதும் பரவியது. 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 பேர் இறந்தார்கள். இந்த வித்தியாசத்துக்குப் பல காரணங்கள் உண்டு; நடுராத்திரியில் கதவைத் தட்டினால் திறக்க ஒரு நர்ஸம்மா இருந்தது அவற்றில் முக்கியமானது.

மூன்று பேர் இருந்தால் ஆளுக்கு எட்டு மணி நேரம். ஒருவர் போய்விட்டால் பன்னிரண்டு. மிச்சமுள்ள இருவரில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் இருபத்துநாலு மணி நேரமும் மற்றவள் தலையில். சமவெளியில் இதைச் சமாளித்துவிடலாம். பக்கத்து நிலையத்திலிருந்து ஒருவரை அனுப்புவார்கள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, கரியாலூர், வெள்ளிமலை என்று கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப்போகும் ஊர்களில் அது நடக்காது. மழை பெய்து மரம் விழுந்த ராத்திரியில் கீழே கள்ளக்குறிச்சிக்கு இறங்குவதும் நடக்காது. மலைக்குள் ரோடு இல்லாத சிற்றூர்களிலிருந்து ஆளைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலையின் அடிப்படை வசதிகள் பற்றி விசாரிக்கத் தொடங்கியது. அதற்கு முன் இந்த மலையைக் கேட்க ஆளில்லை.

ஏழை நாடுகளிலிருந்து பணக்கார நாடுகள் மருத்துவர்களையும் செவிலியர்களையும் எடுத்துக்கொண்டு போவது சரியா என்ற விவாதம் உலக அளவில் நடக்கும்போது, பேசப்படும் இழப்பு என் கண்ணில் இந்தப் பன்னிரண்டு மணி நேர டியூட்டியாகத்தான் தெரிகிறது. உலக விதிகள் அதை அப்படிப் பார்ப்பதில்லை.

அந்த விதிகளின் வரலாறு சுருக்கமானது. நிறவெறி ஆட்சி முடிந்து தென்னாப்பிரிக்கா தன் மருத்துவமனைகளை எல்லாருக்கும் திறந்த நேரத்தில் அங்கிருந்த செவிலியர்களை பிரிட்டன் கூட்டங்கூட்டமாக அழைத்துக்கொண்டிருந்தது. 1997-இல் நெல்சன் மண்டேலா இதை நிறுத்தச் சொல்லிக் கேட்டார். 1999-இல் பிரிட்டன் ஒரு வழிகாட்டுதலையும் 2001-இல் ஒரு நெறிமுறையையும் வெளியிட்டது. 2003-இல் காமன்வெல்த் நாடுகள் ஒன்றை உருவாக்கின. 2010 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை, சுகாதாரப் பணியாளர்களை நாடு கடந்து சேர்ப்பது பற்றிய உலக நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. ஆள் பற்றாக்குறையால் தவிக்கும் நாடுகளுக்குள் போய்த் தேடிப்பிடித்து ஆள் எடுக்காதீர்கள், போகிறவர்களுக்கு உள்ளூர்க்காரர்களுக்குக் கொடுக்கும் உரிமைகளையே கொடுங்கள், பலன் இரு தரப்புக்கும் இருக்கட்டும் என்பது அதன் சாரம். அது சட்டம் இல்லை. மீறினால் தண்டனை இல்லை.

எந்தெந்த நாடு தவிக்கிறது என்பதற்கு அந்த நிறுவனம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2020-இல் 47 நாடுகள், 2023-இல் 55. பத்தாயிரம் பேருக்கு எத்தனை மருத்துவர், செவிலியர், தாதியர் இருக்கிறார்கள், மக்களுக்குச் சேவை எந்த அளவு போய்ச் சேருகிறது என்ற இரண்டு அளவுகளைக் கொண்டு அது தயாராகிறது. இந்தியா அதில் இல்லை. நாட்டைத் தூக்கித் தராசில் வைத்தால் நாம் கோட்டுக்கு மேலே வந்துவிடுகிறோம். ஆகவே வெள்ளிமலையில் வேலை பார்க்கும் நர்ஸை பர்மிங்காம் மருத்துவமனை அழைத்தால் எந்த நெறிமுறையும் மீறப்படவில்லை. சென்னையில் உள்ள பெரிய மருத்துவமனைகளின் தலைகளையும் மலையில் உள்ள மூன்று தலைகளையும் கூட்டி வகுத்து வந்த சராசரி அதற்கு அனுமதி கொடுத்துவிட்டது.

நாட்டுக்குக் கீழே கணக்கெடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. பிரிட்டனே ஒரு காலத்தில் எடுத்திருக்கிறது. தன்னிடமிருந்து வளர்ச்சி உதவி பெற்ற ஆந்திரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய நான்கு மாநிலங்களில் தேடிப்போய் ஆள் எடுக்கக்கூடாது, இந்தியாவின் மற்ற பகுதிகளில் எடுக்கலாம் என்று அதன் நெறிமுறையில் பல வருடங்கள் இருந்தது. 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலோடு தன் விதியை இணைத்தபோது நாடு என்ற ஒரே அளவுகோல் மிஞ்சியது. மாநிலத்தைப் பிரித்துப் பார்க்க முடிந்தவர்களுக்கு மாவட்டத்தையும் மலையையும் பிரித்துப் பார்க்க முடியும்.

நம் ஊரிலும் அந்தப் பார்வை இருக்கிறது, மருத்துவர்களுக்கு மட்டும். மலையிலும் தொலைதூரத்திலும் வேலை பார்க்கும் அரசு மருத்துவருக்கு மேற்படிப்புத் தேர்வில் ஊக்க மதிப்பெண் உண்டு. அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் 50 சதவீத இடம் ஒதுக்கும் உரிமை மாநிலத்துக்கு இருக்கிறது என்பதை 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. இந்த ஏற்பாடு எத்தனையோ இளம் மருத்துவர்களை மலை ஏற வைத்திருக்கிறது. அதே நிலையத்தில் அதே ராத்திரி கண் விழிக்கும் செவிலியருக்கு இப்படி ஒரு படிக்கட்டு கிடையாது.

மருத்துவரையும் செவிலியரையும் ஒரே மூச்சில் பேசுவதுதான் இந்த விவாதத்தில் எனக்குப் பெரிய உறுத்தல். அரசுக் கல்லூரியில் படித்த மருத்துவரிடம் “மக்கள் வரிப்பணத்தில் படித்தாயே” என்று கேட்பதற்கு ஓர் அடிப்படை உண்டு. 1989 முதல் 2000 வரை டெல்லி எய்ம்ஸில் படித்து வெளியேறியவர்களில் 54 சதவீதம் பேர் பின்னர் இந்தியாவுக்கு வெளியே இருந்தார்கள் என்று ஓர் ஆய்வு காட்டியது. 2005-இல் ஃபிட்ஸ்ஹியூ மல்லன் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட கணக்கில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா நான்கிலும் சேர்த்து ஏறத்தாழ 60 ஆயிரம் இந்திய மருத்துவர்கள் இருந்தார்கள். நம் செவிலியர்களில் பெரும்பாலோர் அப்படிப் படிக்கவில்லை. தனியார் கல்லூரியில், அப்பா நிலத்தை ஒத்திக்கு வைத்தோ அம்மா நகையை அடகு வைத்தோ கட்டிய பணத்தில் படித்தவர்கள். என் சித்தியின் தாலிச் சரடு மூன்று வருஷம் வங்கியில் இருந்தது. அவளிடம் போய் நாடு எதைத் திருப்பிக் கேட்கும்?

கேட்கும் உரிமை நாட்டுக்கு இருந்தாலும், நாடு தன் பங்கைச் செய்ததா என்று பார்க்கவேண்டும். தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் தேர்வு வைத்து 7,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் காலமுறை ஊதியம் வரும் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள், வராததால் 2017 நவம்பரில் சென்னையில் டி.எம்.எஸ். என்னும் மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். தொகுப்பூதியம் பிறகு உயர்ந்தது. நிரந்தரம் தவணை தவணையாகத்தான் வருகிறது. கொரோனா வார்டுகளில் வேலை பார்க்க ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-ஓடு வேலை முடிந்துவிட்டது என்றார்கள். தனியாரில் நிலைமை இதைவிட மோசம். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த சின்ன மருத்துவமனையிலும் செவிலியருக்குக் குறைந்தது 20 ஆயிரம் கொடுக்கவேண்டும் என்றது. அது பரிந்துரையாகவே கிடக்கிறது. இன்னொரு பக்கம் பிரிட்டனின் அரசு மருத்துவமனையில் புதிதாகச் சேரும் செவிலியருக்கு ஆண்டுக்குச் சுமார் 30 ஆயிரம் பவுண்டு. வரிக்கும் வாடகைக்கும் முன் மாதம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் வரும்.

ஆகவே இங்கே இரண்டு காட்சிகள் ஒரே நேரத்தில் தெரிகின்றன. ஒரு பக்கம் நர்ஸ் இல்லாத மலை. மறுபக்கம் படித்துவிட்டு வேலை இல்லாமலோ, கட்டுப்படியாகாத சம்பளத்திலோ இருக்கும் நர்ஸ்கள். 2023-இல் மத்திய அமைச்சரவை 157 புதிய அரசு நர்சிங் கல்லூரிகளுக்கு 1,570 கோடி ஒதுக்கியது, அதில் தமிழ்நாட்டுக்கு 11 கல்லூரிகள். கல்லூரி வரட்டும், நல்லதுதான். ஆனால் படித்து வெளியே வருகிற பெண்ணுக்கு நிரந்தரமான, கௌரவமான பணியிடம் இல்லாவிட்டால் அந்தக் கல்லூரியும் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு நிறுத்தமாகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழக அரசிடமே 1978 முதல் ஓர் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் செவிலியர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது அதன் வேலைகளில் ஒன்று. ஒரே அரசு ஒரு கையால் ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறது, மறு கையால் வழியனுப்புகிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அரசு இந்த இடத்தில் இல்லாவிட்டால் அங்கே யார் உட்காருவார்கள் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். கேரளத்திலிருந்து குவைத்துக்குப் போன செவிலியர்களிடம் ஏஜென்டுகள் ஆளுக்குப் பல லட்சம் கறந்த மோசடி வெளிவந்த பிறகுதான், 2015-இல் மத்திய அரசு, குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியர்களை அனுப்பும் வேலையை அரசு நிறுவனங்களிடம் கொடுத்தது. சட்டப்படி ஒரு ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30 ஆயிரமும் வரியும்தான். அதற்கு முந்தின வருடம், 2014 ஜூலையில், இராக்கின் திக்ரித்தில் போருக்கு நடுவே சிக்கி மீண்ட 46 செவிலியர்களை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அவர்களில் சிலர் திரும்பி இறங்கியதும் பேசியது குண்டுகளைப் பற்றி மட்டும் இல்லை, வீட்டில் கட்டவேண்டிய படிப்புக் கடனைப் பற்றியும்தான்.

கடன் என்றதும் எனக்குக் கங்காணிதான் ஞாபகம் வருகிறார். சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக்கொண்டு போன கங்காணி முன்பணம் கொடுப்பார்; அந்தக் கடன் ஒரு துண்டில் எழுதப்படும். துண்டில் உள்ள கடனைக் கட்டாமல் ஆள் வேறு தோட்டத்துக்குப் போகமுடியாது. 1921-இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். கல்வராயன் மலையிலோ 1976 வரை ஜாகிர்தார்கள் ஆட்சி; மலையாளி பழங்குடிகள் கூலியில்லாமல் அவர்கள் நிலத்தில் உழைத்தார்கள். ஆள் கட்டிவைக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. பிரிட்டனில் 2022 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு விசா திறக்கப்பட்டபோது, விசா வேலை கொடுக்கும் நிறுவனத்தின் பெயரோடு கட்டப்பட்டிருந்தது. பல லட்சம் கொடுத்துப் போனவர்களில் பலருக்கு அங்கே வேலையே இல்லை. 2022 ஜூலைக்கும் 2024 இறுதிக்கும் இடையில் 470-க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் உரிமத்தை பிரிட்டிஷ் அரசு பறித்தது. நிறுவனத்தின் உரிமம் போனால் தொழிலாளியின் விசாவும் ஆட்டம் காணும். 2025 ஜூலையில் வெளிநாட்டு ஆட்களுக்கு அந்த வாசலே மூடப்பட்டது. சித்தி மகள் முதலில் சேர்ந்த மருத்துவமனையின் பீரோவில் இருந்த ஒரிஜினலும், தோட்டத்துத் துண்டும், இந்த விசாவும் எனக்கு ஒரே காகிதத்தின் மூன்று பிரதிகளாகத் தெரிகின்றன.

அதனால்தான் “போகாதே” என்று தடுப்பதை நெறி என்று நான் ஏற்கவில்லை. பெண்களைக் கட்டிப்போட்டு மலையைக் காப்பாற்ற முடியாது. கட்டிப்போடாமல் காப்பாற்றிய இடம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தர்மபுரி மாவட்டத்தில், சிட்லிங்கி பள்ளத்தாக்கு. 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி அங்கே போய் ஓலைக் குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அப்போது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்தன. பிறகு அது 20-ஐ ஒட்டி இறங்கியது. வெளியிலிருந்து நர்ஸைத் தேடி அவர்கள் காத்திருக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் மலையாளிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துப் பிரசவம் பார்க்கவும், அறுவை சிகிச்சையில் கூட நிற்கவும், ஊர் ஊராய்ப் போய்க் குழந்தைகளை எடைபோடவும் வைத்தார்கள். அந்தப் பெண்கள் தங்கினார்கள், வீடு அங்கே இருப்பதால், மரியாதை அங்கே கிடைப்பதால்.

ஒரு நெருடலையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மருத்துவமனைக்குள்ளேயே கற்றுக்கொண்ட திறமைக்கு ரியாத்திலோ லண்டனிலோ மதிப்பு கிடைக்காது. அவர்கள் தங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மலைப் பெண்ணுக்கு மலைக்குள் மட்டும் செல்லும் பயிற்சி போதும் என்று அரசு இதை ஒரு கொள்கையாக எடுத்துக்கொண்டால் அது அநியாயம். கள்ளக்குறிச்சியில் நர்சிங் கல்லூரி நடக்கும்போது கல்வராயன் மலைப் பெண்களுக்கு அதில் இடம் ஒதுக்கி, முழுச் சான்றிதழும் கொடுத்து, படித்து முடித்ததும் மலையிலேயே நிரந்தர வேலையும் கொடுத்தால், போகும் உரிமையோடு சேர்ந்தே தங்கும் காரணமும் அவர்களுக்கு இருக்கும்.

எடுத்துக்கொள்கிறவர்களின் கடமையும் உண்டு. வெளிநாட்டு மருத்துவமனைகள் பெரும்பாலும் குறைந்தது இரண்டு வருட அனுபவம் கேட்கின்றன. எனவே போவது புதிதாகப் படித்து வந்தவள் அல்ல. பிரசவ அறையில் தலை திரும்பாத குழந்தையைக் கையால் உணரக் கற்றவள், அடுத்து வருகிறவளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கக்கூடியவள். அந்த இரண்டு வருஷத்தைக் கொடுத்தது இந்த மலையும் இங்கே பிள்ளை பெற்ற பெண்களும். அதற்கான விலையை, எடுத்துக்கொண்ட நாடு, போன ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டு, அவள் விட்டுப்போன நிலையம் இருக்கும் மாவட்டத்துக்குக் கொடுக்கவேண்டும். டெல்லிக்கோ சென்னைக்கோ கொடுத்தால் மலைக்கு வந்து சேராது. போகிறவளிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. இதை இந்திய அரசு தன் ஒப்பந்தங்களில் நிபந்தனையாக வைக்கவேண்டும்; உலகத்துக்கே நர்ஸ் அனுப்பும் நாடு என்ற பெருமையோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது.

சித்தி மகளுக்கு நேர்காணல் தேதி வந்துவிட்டது. லீவு கிடைக்கவில்லை. கூட வேலை பார்க்கும் இருவரும் அவளுடைய டியூட்டியைப் பிரித்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். “ரெண்டு நாள்தானே, நாங்க பன்னெண்டு மணி நேரமா பார்த்துக்கிறோம், நீ நல்லபடியா போயிட்டு வா” என்றாளாம் மூத்தவள். அதைச் சொல்லும்போது அவள் ஃபைலைத் திறந்து ஜெராக்ஸ்களை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று குறைந்தது. கடை சாத்துவதற்குள் எடுத்துவிடலாம் என்று இருவரும் கடைவீதிக்கு நடந்தோம்.